நிறுத்தாமல் ஒரு மாத்திரையா, ஒரே வருஷ வைத்தியமா: பெரியப்பாவின் சி.எல்.எல். கணக்கு

பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை நாளைக்கும்மா சாப்பிடணும்?"

அவருடைய ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர் இரண்டு வழி சொல்லி அனுப்பியிருந்தார். முதல் வழியில் தினமும் மாத்திரை, நிறுத்தும் தேதி என்று ஒன்று கிடையாது, மருந்து கேட்கிற வரைக்கும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இரண்டாவது வழியில் வேறொரு மாத்திரை, கூடவே டிரிப்ஸில் ஏற்றும் மருந்து, மொத்தம் ஒரு வருஷம், அதோடு முடிந்தது. "ரெண்டுமே நல்ல வழி, வீட்ல பேசிட்டு வாங்க" என்றாராம். எங்கள் வீட்டில் பேசுவது என்றால் வாட்ஸாப் குரூப்பில் பதினோரு பேர் பேசுவது, அதில் ஒருவர் பப்பாளி இலைச் சாறு என்பார், இன்னொருவர் அமெரிக்காவில் இருக்கும் மருமகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். நான் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இருக்கிறேன், ஆனாலும் 'அவளுக்குத் தெரியும்' என்ற பெயர் குடும்பத்தில் நிலைத்துவிட்டதால் ஃபைல் என் கைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு வாரம் படித்து, டாக்டரை இரண்டு முறை தொந்தரவு செய்து, கடைசியில் எப்படி முடிவெடுத்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் வீட்டு ரிப்போர்ட் வேறாக இருக்கும், முடிவும் வேறாக இருக்கலாம்.

பெரியப்பாவுக்கு 69 வயது, தஞ்சாவூரில் இருக்கிறார். நோய் சி.எல்.எல்., அதாவது க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுகேமியா, மெதுவாக நகரும் ஒரு ரத்தப் புற்றுநோய். மேற்கு நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் லுகேமியா வகைகளில் இதுதான் அதிகம், நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை, அதனாலேயே சொந்தக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷனுக்காக எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 48,000 என்று வந்தது. 11,000-க்குள் இருக்க வேண்டியது. மனிதர் அப்போது சைக்கிளில் மார்க்கெட் போய் வந்துகொண்டிருந்தார்.

டாக்டர் சொன்ன முதல் வழி முழுக்க ஒரே ஒரு ஜீனை நம்பி நிற்கிறது. அந்த ஜீனின் கதையைத் தெரிந்துகொண்டால் பின்னால் மாத்திரைகளின் பக்கவிளைவுகளைப் பிரித்துப் பார்ப்பது ரொம்ப சுலபம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1952. அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்று ஒரு குழந்தை மருத்துவர். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு நிமோனியாவைத் தரும் அதே வகைக் கிருமி திரும்பத் திரும்ப ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தால் காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் காலி. ஆன்டிபாடிகள் எல்லாம் இருப்பது அந்தப் பகுதியில்தான். வெளியிலிருந்து காமா குளோபுலினை ஊசியாகக் கொடுத்துக்கொண்டே வர, பையன் தேறினான். இதற்குக் காரணமான ஜீன் எது என்று தெரிய இன்னும் 41 வருஷம் ஆனது. 1993-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் ஜீன், ஆகவே குறைபாடு ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். டாக்டரின் பெயரையே வைத்து புரூட்டன் டைரோசின் கைனேஸ் என்றார்கள், சுருக்கமாக பி.டி.கே. கைனேஸ் என்றால் மற்ற புரதங்களைத் தூண்டிவிடும் நொதி.

வீடு கட்டும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மாடிக்கு அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஆன்டிபாடிக்கு மூலமான வெள்ளையணு பி செல், அதற்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் ஒரு கிருமித் துண்டு வந்து ஒட்டியதும் லின், சிக் என்ற இரண்டு கைனேஸ்கள் முதலில் விழிக்கும், அவை பி.டி.கே.யைத் தட்டி எழுப்பும், பி.டி.கே. அடுத்து பி.எல்.சி. காமா 2 என்ற நொதியைக் கிளப்பிவிடும், அதனால் செல்லுக்குள் கால்சியம் பொங்கும், கடைசியில் என்.எஃப். கப்பா பி மாதிரியான புரதங்கள் உட்கருவுக்குள் போய் 'பிழைத்துக்கொள், பெருகு' என்று சொல்லும் ஜீன்களை இயக்கும். நடுவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் செங்கல் மேலே போகாது. அந்தப் பையன்களுக்கு அந்த நடு ஆள் பிறவியிலேயே இல்லை, அதனால் எலும்பு மஜ்ஜையில் பி செல் பக்குவப்படாமலே நின்றுபோகிறது, ஆன்டிபாடியும் இல்லை.

சி.எல்.எல். என்பது இதே பி செல் கெட்டுப்போய்ப் பெருகுவது. இங்கே ஒரு விஷயத்தை நானே முதலில் தப்பாக நினைத்திருந்தேன். பி.டி.கே. ஜீன் பழுதாகிப் புற்றுநோய் வருகிறது என்று நினைத்தேன், அப்படியில்லை. இந்த நோயாளிகளிடம் மருந்து ஆரம்பிக்கும் முன் பி.டி.கே. ஜீன் பொதுவாக ஒழுங்காகவே இருக்கிறது. நிணநீர் கணுக்களுக்குள் ஒண்டிக்கொண்டிருக்கும் புற்றுச் செல்கள் அந்த செங்கல் வரிசையை ஓயாமல் ஓட்டிக்கொண்டே இருக்கின்றன, அவை உயிர்வாழ்வது அதை வைத்துத்தான். எனவே நடு ஆளின் கையைக் கட்டினால் போதும். கட்டினால் உடம்பு தாங்குமா? தாங்கும் என்பதற்கு அந்தப் பையன்களே சாட்சி. அவர்களுக்கு பி செல்லும் ஆன்டிபாடியும் இல்லை, தொற்று வருகிறது, மற்றபடி இதயத்துக்கோ ரத்தம் உறைவதற்கோ இந்தக் குறைபாட்டால் பெரிய கேடு இல்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைகளை ஒப்பிடும்போது திரும்ப வருவேன்.

டாக்டர் சொல்லாத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, சும்மா இருப்பது. மூன்று வருஷம் நாங்கள் அதைத்தான் செய்தோம். சிங்கப்பூர் அண்ணனுக்கு அது பொறுக்கவே இல்லை. "கேன்சர்னு தெரிஞ்சப்புறம் எப்படி சும்மா இருக்க முடியும்?" என்று மாதம் ஒருமுறை கேட்பார். கேட்பது நியாயம்தான், ஆனால் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஜெர்மன் குழு நடத்திய சி.எல்.எல்.12 சோதனையில் அறிகுறியே இல்லாத, ஆனால் நோய் சீக்கிரம் வளரும் வாய்ப்புள்ள 363 பேரில் பாதிப் பேருக்கு பி.டி.கே.யை அடைக்கும் மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் வளர்வது தள்ளிப்போனது, ஆயுள் மட்டும் கூடவில்லை, பக்கவிளைவுதான் முன்கூட்டியே வந்தது. எனவே ரத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து மருந்தைத் தொடங்குவதில்லை. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போவது, தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, மண்ணீரல் விலாவுக்குக் கீழே 6 சென்டிமீட்டருக்கு மேல் இறங்குவது, வெள்ளையணு ஆறு மாதத்துக்குள் இரண்டு மடங்காவது, காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி வியர்வை, இப்படி ஏதாவது வந்தால்தான் வைத்தியம். பெரியப்பாவுக்கு இந்த வருஷம் ஹீமோகுளோபின் 9.4-க்கு வந்துவிட்டது. கழுத்தில் நெறி கட்டி சட்டைக் காலர் பட்டனைப் போட முடியவில்லை. ராத்திரி பனியன் நனைந்துபோய் பெரியம்மா எழுப்பி மாற்றிவிடுவார். சரி, சும்மா இருக்கும் காலம் முடிந்தது.

பழைய கீமோவைப் பற்றி ஒரு வரி போதும். 70 வயதைத் தாண்டாத 529 பேரை வைத்து நடந்த ஈ1912 சோதனையில், பி.டி.கே. மாத்திரையோடு ரிட்டுக்ஸிமாப் என்ற டிரிப்ஸ் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்கள் அன்றைய சிறந்த கீமோவைப் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள், உயிர்பிழைப்பிலும் கூட. 2019-இல் அது வெளியானதோடு கீமோ பெரும்பாலும் பின்னுக்குப் போய்விட்டது.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று சோதனை ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்: குரோமோசோமில் துண்டு ஏதும் காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ், செல் கெட்டுப்போகாமல் காவல் காக்கும் டி.பி.53 ஜீனின் வரிசை, ஆன்டிபாடி ஜீன் ஒன்றைப் பார்க்கும் ஐ.ஜி.ஹெச்.வி. இங்கேதான் எங்களுக்கு மூன்று வாரம் வீணானது. ஃபிஷ் ரிப்போர்ட்டில் 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கை உடையவில்லை என்று வந்தது, டி.பி.53 ஜீன் இருப்பது அந்தக் கையில்தான், ஆகவே அதுவும் ஓகே என்று லேபில் சொல்லிவிட்டார்கள். தப்பு. கை முழுசாக இருந்தும் உள்ளே ஜீனில் எழுத்துப்பிழை இருக்கலாம், அது ஃபிஷ்ஷில் தெரியாது, ஜீனைத் தனியாக வாசிக்க வேண்டும். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு "டி.பி.53 எங்கே?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. மறுபடி ரத்தம், மறுபடி கூரியர். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டி.பி.53 பழுதாகியிருந்தால் ஒரு வருஷத்தோடு நிறுத்தும் வழியில் நோய் சீக்கிரம் திரும்புகிறது, அப்போது தினசரி மாத்திரைப் பக்கம்தான் பெரும்பாலான டாக்டர்கள் சாய்வார்கள், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும். பெரியப்பாவுக்குப் பழுதில்லை என்று வந்தது. ஐ.ஜி.ஹெச்.வி. மட்டும் மாற்றமடையாத வகை, அது கொஞ்சம் வேகமான நோய்க்கு அடையாளம். இந்த ஐ.ஜி.ஹெச்.வி.யை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், மற்ற இரண்டையும் ஒவ்வொரு முறை வைத்தியத்தை மாற்றும்போதும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆக, இரண்டு கதவும் திறந்திருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரே கதவு திறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் கதவு பி.டி.கே. மாத்திரை. இதிலேயே மூன்று பெயர்: இப்ரூட்டினிப், அகலாப்ரூட்டினிப், ஜானுப்ரூட்டினிப். மூத்தது இப்ரூட்டினிப், அமெரிக்காவில் 2013 நவம்பரில் வேறொரு லிம்ஃபோமாவுக்கும் 2014 பிப்ரவரியில் சி.எல்.எல்.லுக்கும் அனுமதி பெற்றது. பி.டி.கே. புரதத்தில் 481ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, மாத்திரை போய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது. அந்த பி.டி.கே. மூலக்கூறு அதோடு சரி, செல் புதிதாக ஒன்றைத் தயாரித்தால்தான் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வேளையோ இரண்டு வேளையோ போட்டாலே போதும் என்பதற்குக் காரணம் இதுதான். இந்த நோய்க்கு அது ஒரு திருப்புமுனை மருந்து, சந்தேகமில்லை. ஆனால் அதே மாதிரி சிஸ்டீன் வேறு சில கைனேஸ்களிலும் இருக்கிறது, இப்ரூட்டினிப் போகிற வழியில் அவற்றையும் பிடித்துக்கொள்கிறது. இ.ஜி.எஃப்.ஆரைப் பிடிப்பதால் வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும். டெக் என்ற உறவுக்கார கைனேஸையும் சேர்த்துப் பிடிப்பதால் தட்டணு சரியாக வேலை செய்யாமல் ரத்தக்கசிவு. இதயத்தில் சி.எஸ்.கே. என்ற இன்னொன்று தடைபடுவதால்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு தாளம் தப்புவது, வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அந்தப் பையன்களை இப்போது நினைத்துப் பாருங்கள். பி.டி.கே. அறவே இல்லாத அவர்களுக்குத் துடிப்பு தாளம் தப்பவில்லை, ரத்தமும் கசியவில்லை. அப்படியானால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி பி.டி.கே.யை அடைத்ததால் வந்ததல்ல, பக்கத்து வீட்டுக் கண்ணாடியையும் சேர்த்து உடைத்ததால் வந்தது. தொற்று அப்படியில்லை, அது பி செல்லை அடக்குவதற்கே கொடுக்கும் விலை, எந்த மாத்திரை போட்டாலும் கொஞ்சம் இருக்கும். மூன்று மாத்திரைகளையும் நான் இந்த ஒரு கோட்டை வைத்துத்தான் பிரித்தேன். குறி துல்லியமானால் எந்தத் தொல்லை குறையும், எது குறையாது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

சோதனைகளும் அப்படியே சொல்கின்றன. எலிவேட்-ஆர்.ஆர். சோதனையில், ஏற்கனவே வைத்தியம் பார்த்து நோய் திரும்பிய 533 பேரிடம் இப்ரூட்டினிப்பையும் அகலாப்ரூட்டினிப்பையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் சமம், நோய் வளராமல் இருந்த காலத்தின் நடு அளவு இரண்டிலும் 38.4 மாதம். தாளம் தப்பியவர்கள் இப்ரூட்டினிப்பில் 16 சதவீதம், அகலாவில் 9.4. ரத்த அழுத்தம் ஏறியவர்கள் 23.2-க்கு எதிராக 9.4. தலைவலி மட்டும் அகலாவில்தான் அதிகம், மூன்றில் ஒருவருக்கு வருகிறது. ஆல்பைன் சோதனை 652 பேரை வைத்து ஜானுவையும் இப்ரூட்டினிப்பையும் மோதவிட்டது. அதில் ஜானு நோயைக் கட்டுப்படுத்துவதிலேயே முந்திவிட்டது, இரண்டு வருஷத்தில் நோய் வளராமல் இருந்தவர்கள் 78.4-க்கு 65.9 சதவீதம். தாளம் தப்பியது 5.2-க்கு 13.3. இதயக் கோளாறால் இறந்தவர்கள் இப்ரூட்டினிப் பக்கம் ஆறு பேர், ஜானு பக்கம் ஒருவரும் இல்லை. ஆனால் ரத்த அழுத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு இப்ரூட்டினிப்பைப் புதிதாகத் தொடங்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை, விலை ஒன்றைத் தவிர. ஏற்கனவே அதைத் தொல்லையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாற்றச் சொல்லி டாக்டரிடம் சண்டை போட வேண்டாம், அது வேறு கதை. அகலாவா ஜானுவா என்றால் இரண்டையும் தொட்டு ஒப்பிட்ட சோதனை இல்லாமல் ஒன்றைச் சிறந்தது என்று சொல்வது ஆளைப் பொறுத்த அனுமானம்தான். பெரியப்பாவின் பிரச்சினை பிரஷர். இரண்டு மாத்திரை போட்டும் 150-க்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும் பிரஷர். அதனால் இந்தக் கதவுக்குள் போவதென்றால் அகலா என்று டாக்டரும் நானும் ஒத்துப்போனோம்.

இரண்டாவது கதவின் பெயர் வெனிட்டோகிளாக்ஸ், கூட ஒபினுடுசுமாப் என்ற டிரிப்ஸ். இது சமிக்ஞை வரிசையைத் தொடுவதே இல்லை. பி.சி.எல்.2 என்று வேறொரு ஜீன் இருக்கிறது, செல்லைச் சாகவிடாமல் காப்பது அதன் வேலை. 1988-இல் மெல்பர்னில் டேவிட் வாக்ஸும் கூட்டாளிகளும் அதைக் காட்டினார்கள். அதுவரை புற்றுநோய் ஜீன் என்றால் செல்லைப் பெருக்குவது என்றே எண்ணியிருந்தார்கள், சாவைத் தடுத்தே ஒரு ஜீன் புற்றுநோய்க்கு வழிவிட முடியும் என்பது அப்போது புதுசு. வெனிட்டோகிளாக்ஸ் அந்தப் புரதத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், காவல் விலகியதும் புற்றுச் செல்கள் கொத்துக்கொத்தாகச் சாகும். பி.டி.கே. மாத்திரை பட்டினி போடுவது என்றால் இது ஒரேயடியாக அடிப்பது. அடித்து முடித்தால் நிறுத்திவிடலாம், அதுதான் இதன் கவர்ச்சி.

நான் முதலில் இதற்குத்தான் கட்சி கட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சி.எல்.எல்.14 சோதனையில் 432 பேர், பெரும்பாலும் பெரியப்பாவைப் போல வயதானவர்கள், வேறு உபாதைகளும் உள்ளவர்கள். பன்னிரண்டு சுழற்சியோடு, அதாவது ஏறக்குறைய ஒரு வருஷத்தோடு, நிறுத்தினார்கள். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது வெனிட்டோகிளாக்ஸ் குழுவில் நோய் தலைதூக்காமல் 53 சதவீதம் பேர் இருந்தார்கள். அகலாவின் முதல்நிலைச் சோதனையான எலிவேட்-டி.என்.னில் அகலாவைத் தனியாகச் சாப்பிட்டவர்களில் ஆறு வருஷத்தில் 62 சதவீதம். இரண்டும் வெவ்வேறு சோதனை, வெவ்வேறு ஆட்கள், எண்ணை எண்ணோடு வைத்துக் கழிக்கக் கூடாது. அப்படியே கழித்தாலும், வெனிட்டோகிளாக்ஸ்காரர்கள் அந்த ஆறு வருஷத்தில் ஐந்து வருஷம் ஒரு மாத்திரைகூடத் தொடவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா? அப்புறம் சி.எல்.எல்.17 வந்தது. 909 பேர், நிறுத்தாத இப்ரூட்டினிப் ஒருபக்கம், ஏறக்குறைய ஒரு வருஷத்தோடு முடியும் வழிகள் இரண்டு மறுபக்கம். மூன்று வருஷத்தில் மூன்று குழுவும் ஏறக்குறைய 80 சதவீதத்தில் நின்றன. இப்போதைக்கு, டி.பி.53 பழுதில்லாத ஒருவருக்கு, நோயைக் கட்டுவதில் எது ஒசத்தி என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். மாத்திரைகளை மட்டும் சேர்த்து, அதாவது அகலாவும் வெனிட்டோகிளாக்ஸும் 14 சுழற்சி, டிரிப்ஸே இல்லாமல் முடிக்கும் வழியும் ஆம்ப்ளிஃபை சோதனைக்குப் பிறகு வந்திருக்கிறது, எங்கள் டாக்டர் அதை லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

பணக் கணக்கிலும் இரண்டாவது கதவுதான் ஜெயிக்கிறது. விலை எழுதப் போவதில்லை, கம்பெனிக்குக் கம்பெனி, உதவித் திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. ஆனால் பெருக்கல் கணக்கு யாருக்கும் புரியும்: ஒன்றில் மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும், இன்னொன்றில் எதனால் பெருக்குவது என்றே தெரியாது. மருந்து நன்றாக வேலை செய்யச் செய்ய செலவு கூடும், விநோதமான சந்தோஷம். இன்ஷூரன்ஸ் இருந்தால் பாலிசியில் 'ஓரல் கீமோதெரபி' என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள், பல பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கும், ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டுமே பணம் என்று எழுதியிருந்தால் வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அப்படியிருந்தும் ஏன் மாறினேன்? முதல் ஐந்து வாரத்தைத் தாளில் எழுதிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

வெனிட்டோகிளாக்ஸ் வேகமாகக் கொல்வதுதான் அதன் ஆபத்தும். ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான செல்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலமாக மாறும் சரக்கு எல்லாம் ரத்தத்தில் கொட்டும், சிறுநீரகம் திணறும், பொட்டாசியம் ஏறினால் இதயமே நிற்கலாம். டியூமர் லைசிஸ் என்பார்கள். அதனால் மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு வாரம் 50, 100, 200, 400 என்று ஏற்றுவார்கள், ஒவ்வொரு படிக்கும் ரத்தப் பரிசோதனை, நிறையத் தண்ணீர், யூரிக் அமிலத்துக்கு முன்கூட்டியே மாத்திரை. லிம்ஃபோசைட் 25,000-க்கு மேலும் கணு 5 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தால் அதிக ஆபத்துப் பட்டியல். முதல் டோஸ்களுக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பெரியப்பாவுக்கு லிம்ஃபோசைட் 90,000-க்குப் பக்கம், வயிற்றில் இருக்கும் பெரிய கணு 6 சென்டிமீட்டர், சிறுநீரகம் கொஞ்சம் மந்தம் என்று காட்டும் கிரியாட்டினின் 1.6. டிரிப்ஸை முதலில் ஏற்றிவிட்டு மாத்திரையைத் தொடங்குவதால் சுமை குறையும் என்பது உண்மை, இவரைப் போன்றவர்களை வைத்துத்தான் சோதனையே நடந்தது என்பதும் உண்மை. செய்ய முடியாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த டிரிப்ஸ் ஒன்பது நாள், முதல் மாதத்திலேயே நான்கு. முதல் தடவை ஏற்றும்போது குளிரும் காய்ச்சலும் வருவது சகஜம். பழைய ஹெப்படைட்டிஸ் பி தொற்று ஒளிந்திருந்தால் அது இந்த வகை டிரிப்ஸில் விழித்துக்கொள்ளும், அதற்கும் முன்னால் சோதனை வேண்டும். ஆஸ்பத்திரி இருப்பது சென்னையில். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடிகாலை இறங்கி, பெரியம்மாவுக்கு மூட்டுவலி, கூட வர ஆள் வேண்டும், பெண்ணுக்கு லீவு கிடைக்காது, நான் இருப்பது பெங்களூரில். பொட்டாசியம் ஏறுகிறது என்று ராத்திரி பத்து மணிக்கு லேபிலிருந்து போன் வந்தால் தஞ்சாவூரில் யார் என்ன செய்வது?

இதைக் கேட்டதும் டாக்டர் சிரித்தார். "இதைத்தாம்மா நான் பேசிட்டு வரச் சொன்னேன்."

பெரியப்பாவுக்கு 55 வயதாக இருந்து, சென்னையிலேயே வீடு இருந்து, சிறுநீரகம் நன்றாக இருந்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வருஷ வழியைத்தான் சொல்லியிருப்பேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஏற்கனவே இருந்து ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தாலும் அப்படியே. பெரியப்பாவுக்கு அகலா, 100 மில்லிகிராம், காலை ஏழு, மாலை ஏழு.

ஒரு பயம் மிச்சமிருந்தது. வருஷக்கணக்கில் சாப்பிட்டால் மருந்து பழகிப்போய்க் கேட்காமல் போகாதா? போகும், சிலருக்கு. மாத்திரை பிடித்துக்கொள்ளும் அந்த 481ஆம் இடத்து சிஸ்டீனே செரீனாக மாறிவிடும், பிடிக்கக் கொக்கி இருக்காது. 2014-லேயே இதைக் கண்டுபிடித்தார்கள். சில சமயம் அடுத்த ஆளான பி.எல்.சி. காமா 2 பழுதாகி, பி.டி.கே. சொல்லாமலே தானாக ஓட ஆரம்பிக்கும். இதில் அகலா, ஜானு, இப்ரூட்டினிப் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான், 481இல் மாற்றம் வந்துவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் பயனில்லை. பிர்டோப்ரூட்டினிப் என்ற புதிய மாத்திரை அந்த சிஸ்டீனை நம்பாமலே ஒட்டுகிறது, 2023 முதல் அமெரிக்காவில் இருக்கிறது. வெனிட்டோகிளாக்ஸும் அப்படியே பத்திரமாக இருக்கிறது. முதல் கதவில் நுழைந்ததால் இரண்டாவது பூட்டிக்கொள்வதில்லை, என் மனம் ஆறியது இதில்தான்.

தொடங்கி நாலு வாரத்தில் வெள்ளையணு 96,000-இலிருந்து 1,30,000 ஆனது. சிங்கப்பூரிலிருந்து போன், "மருந்தை மாத்துங்க!" நான் முன்னாலேயே குரூப்பில் எழுதியிருந்தேன், யார் படித்தார்கள். பி.டி.கே. அடைபட்டதும் கணுக்களுக்குள் ஒண்டியிருந்த செல்கள் பிடி தளர்ந்து ரத்தத்துக்குள் வந்து விழுகின்றன, அதனால் எண்ணிக்கை ஏறித் தெரியும், மாதக்கணக்கில்கூட நீடிக்கும், நோய் வளர்கிறது என்று அர்த்தமில்லை. அந்த வாரம் பெரியப்பா காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பினார். தலைவலி வந்தது, சொன்னபடியே. அதற்கு டாக்டர்கள் சொல்லும் முதல் வைத்தியம் பாராசிட்டமாலும் காபியும். பிரஷருக்காக மூன்று வருஷமாக ஒரு டம்ளரோடு நிறுத்திவைத்திருந்த மனிதருக்கு இரண்டாவது டம்ளர் டிகிரி காபி மருந்துச்சீட்டிலேயே கிடைத்துவிட்டது. பெரியம்மாவுக்கு இதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது.

அசிடிட்டி மாத்திரை சாப்பிடுபவர்கள் கையில் இருப்பது அகலா கேப்சூலா டேப்லெட்டா என்று பாருங்கள், கேப்சூலுக்கும் அந்த மாத்திரைக்கும் ஆகாது, டேப்லெட்டில் அந்தத் தொல்லை இல்லை. பம்பளிமாஸ் வேண்டாம், கிரேப்ஃப்ரூட்டின் சொந்தக்காரப் பழம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பூஞ்சை மருந்து, சில ஆன்டிபயாட்டிக் எல்லாம் அதே வேலையைச் செய்யும், பக்கத்து மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

நாலாவது மாதம் பெரியப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. யாரிடமும் சொல்லாமல் தெருமுனை பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை, வலிக்கு கொடுத்த மாத்திரை வேறு ரத்தத்தை இன்னும் இளக வைக்கிற ரகம். ராத்திரி முழுக்கப் பஞ்சை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், காலையில்தான் நின்றது. பல் பிடுங்குவதோ ஆபரேஷனோ எதுவானாலும் முன்னும் பின்னும் மூன்று முதல் ஏழு நாள் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்பதைப் புற்றுநோய் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இப்போது அவர் பர்ஸில் பஸ் பாஸுக்குப் பின்னால் மாத்திரையின் பெயரும் டாக்டர் நம்பரும் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. எழுதியது பெரியம்மா, சிவப்பு மையில்.